உடல் எடைப் பயிற்சி: ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்து 12 வாரம் அதிலேயே நிற்பது எப்படி

தன் உடல் எடையையே பாரமாக வைத்துச் செய்யும் உடல் எடைப் பயிற்சி தொடங்கும் பலரின் கதை ஒரே மாதிரிதான் போகிறது. புத்தாண்டு பிறந்ததும் தினம் 50 தண்டால். பொங்கலுக்குள் தோள் வலி. அதற்குள் யூடியூபில் வேறொருவர் 20 நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்கிறார், அதற்கு மாறுகிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வந்தபின் ஒரு வாரம் ஓய்வு. அத்தோடு சரி. வீட்டில் இதைச் சோம்பல் என்பார்கள். பெரும்பாலும் குறை வேறிடத்தில் இருக்கிறது. 50 தண்டால் சுலபமானதும் அடுத்து என்ன, 50 வராத நாளில் என்ன, நாலு நாள் விட்டுப்போனால் எங்கிருந்து பிடிப்பது என்பதற்கு அவர்கள் கையில் எந்த விதியும் இல்லை.

இந்த மூன்று கேள்விக்கும் முன்கூட்டியே பதில் வைத்திருப்பதுதான் திட்டம். மற்றதெல்லாம் பயிற்சிப் பட்டியல். வீடியோவோ, ஆப்போ, பயிற்சியாளரோ, யார் தருவதாக இருந்தாலும் முதலில் இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் எத்தனை லட்சம் பேர் பார்த்திருந்தாலும் விட்டுவிடலாம்.

1. எதற்காக என்று ஒரே வரியில் எழுதுங்கள்

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் போதும். "உடம்பு நல்லா இருக்கணும்" என்பது வேலைக்கு ஆகாது, எதை அளப்பது என்று அதில் இல்லை. அளக்கக்கூடியதாக எழுத வேண்டும்.

ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராகும் பையனுக்கு இலக்கு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது: அக்னிவீர் உடல் தகுதித் தேர்வில் 1.6 கி.மீ. ஓட்டமும், பாரில் (குறுக்குக் கம்பியில்) தொங்கி உடலை மேலே இழுக்கும் புல்-அப்ஸும் உண்டு. 10 புல்-அப்ஸ் எடுத்தால் முழு 40 மதிப்பெண், 6 எடுத்தால் 16. அவருக்கு ஓட்டமும் பாரும்தான் முதுகெலும்பு, மற்றவை துணை. வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி, இறங்கும்போது தொடை நடுங்காமல் வர வேண்டும் என்பவருக்குக் கால் பயிற்சி முக்கியம், அதிலும் இறங்கும் பயிற்சி. சர்க்கரையும் தொப்பையும் கவலை என்றால் வாரம் மூன்று நாள் பலப் பயிற்சியோடு தினம் நடையும் சேர வேண்டும். தலைகீழாக நிற்க வேண்டும், மசில்-அப் (பாருக்கு மேல் உடலை ஏற்றி நிற்பது) போட வேண்டும் என்பது வேறு பாதை.

"எல்லாமே வேணும்" என்று எழுதினால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். ஒரு 12 வாரத்துக்கு ஒரு முதன்மை இலக்கு.

2. கிடைக்கும் வகைகளும் அவற்றின் ஓட்டைகளும்

தண்டாலும் பஸ்கியும் நம் சிலம்பக் கூடங்களில் தலைமுறை தலைமுறையாக இருப்பவை. இடம் வேண்டாம், சாமான் வேண்டாம். மூச்சும் தாக்குப்பிடிக்கும் திறனும் நன்றாக வளரும். ஆனால் இரண்டு குறை. முதலாவது, இதில் இழுக்கும் பயிற்சியே இல்லை. எல்லாம் தள்ளுவதும் உட்கார்ந்து எழுவதும்தான். நாள் முழுக்க ஓவர்லாக், பேட்லாக் மெஷின் முன் குனிந்திருக்கும் டெய்லருக்கும், கோவை சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் முன் குனிந்திருப்பவருக்கும் முதுகும் தோளின் பின்புறமும்தான் முதலில் தளர்கின்றன. அவர்களுக்குத் தள்ளும் பயிற்சியை மட்டும் மேலும் மேலும் கொடுப்பது சரியாகாது. இரண்டாவது, 20 பஸ்கி 100 ஆவதில் கூடுவது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும் திறன். பலம் கூட வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் கடினமாக வேண்டும்.

சூரிய நமஸ்காரத்துக்கும் அதே இழுப்புக் குறை உண்டு. உடலைச் சூடாக்க அதைவிட நல்லது குறைவு. முழுத் திட்டமாக வைத்துக்கொள்ளாமல் முதல் ஐந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வியர்த்துக் கொட்டும் வீடியோக்கள். 'டபாட்டா' என்று பெயர் வைத்தவை நிறைய. 1996-ல் ஜப்பானில் இசுமி டபாட்டா குழுவினர் வெளியிட்ட ஆய்வில், நிலையான சைக்கிளில் 20 விநாடி மிதி, 10 விநாடி ஓய்வு என்று ஏழெட்டு சுற்று. அந்த 20 விநாடி உயிரைக் கொடுத்து மிதிப்பது. அதற்கு மேல் ஒரு சுற்று முடியாது என்ற நிலைக்குப் போவது. கை தட்டிக் குதிக்கும் வீடியோவில் அந்தத் தீவிரம் வராது. வியர்வையை அளவுகோலாக எடுத்தால் மே மாதத்தில் கரூரில் சும்மா நின்றாலே உடற்பயிற்சிதான். இவ்வகைப் பயிற்சி மூச்சுக்கு நல்லது, ஆனால் போன வாரத்தைவிட இந்த வாரம் முன்னேறினீர்களா என்று இதில் சொல்வது கடினம்.

பிளாஞ்ச் (கைகளை மட்டும் ஊன்றி உடலைத் தரைக்கு இணையாக நிறுத்துவது), ஃப்ரன்ட் லீவர் (பாரில் தொங்கி உடலைக் கிடைமட்டமாக நிறுத்துவது) போன்ற வித்தைகளை நோக்கிய உடல் எடைப் பயிற்சியான கலிஸ்தெனிக்ஸ் அழகானது. ஆனால் தசையைவிட, அதை எலும்போடு இணைக்கும் தசைநாண் மெதுவாகப் பலப்படும். 8 புல்-அப்ஸும் 15 சுத்தமான தண்டாலும் வராதவர் இதில் இறங்கினால் முழங்கையில் வலி வாங்கிக்கொண்டு திரும்புவார். ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

மிச்சமிருப்பது முழு உடலுக்கும் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு அசைவுக்கும் எளியதிலிருந்து கடினமானது வரை ஒரு வரிசை, எப்போது அடுத்ததுக்கு ஏறுவது என்று ஒரு விதி. வீட்டில் செய்யும் பெரும்பாலோருக்கு இதுதான் பொருந்தும். கீழே இருப்பது அதற்கான முழு விவரம்.

3. முதலில் தொங்க ஓர் இடம்

இழுக்கும் பயிற்சிக்கு மட்டும் சாமான் வேண்டும். இதைத் தள்ளிப்போடுபவர்களின் திட்டம் நான்காம் வாரத்தில் வெறும் தண்டால்-பஸ்கியாகச் சுருங்கிவிடும். அதனால் தொடங்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

எவற்றில் தொங்கக் கூடாது என்பது முதலில். ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் சன்ஷேடில் வேண்டாம். அது வெயில், மழையைத் தடுக்கப் போட்டது. பழைய வீடுகளில் உள்ளே கம்பி துருப்பிடித்திருப்பது வெளியே தெரியாது. மொட்டைமாடியின் நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவரிலும் வேண்டாம். மாடியில் தகர ஷீட் தாங்கும் மெல்லிய சதுரக் குழாய்கள் ஷீட்டுக்காகப் போட்டவை, ஆளுக்காக அல்ல. திருகி இறுக்கும் கதவு நிலைப் பார்கள் பழைய தேக்கு நிலையில் ஓரளவு நிற்கும். பெயின்ட் அடித்த வழவழப்பான நிலையில் நழுவும். வாங்கினால் திருகு அடித்துப் பொருத்தும் தாங்கி உள்ளதையே வாங்குங்கள்.

தோட்டம் இருந்தால் வேப்பமரம் போதும். நேராகக் கிளையைப் பிடிக்காமல், தொடை கனமுள்ள பச்சைக் கிளையில் ரிங்கின் (பிடித்துத் தொங்கும் வளையத்தின்) வாரைச் சுற்றித் தொங்கவிடுங்கள். முருங்கையைத் தொடவே வேண்டாம், அது எப்படி ஒடியும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிரந்தரமாகப் போட நினைத்தால் அளவு இது. கம்பங்களுக்கு 2 அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், முழு நீளம் 20 அடி வரும். பாதியாக வெட்டினால் இரண்டு 10 அடிக் கம்பம், துண்டு மிச்சமில்லை. குறுக்குக் குழாய் 1 அங்குலம், 4 அடிக்குச் சற்று மேல். 1 அங்குலக் குழாய் என்று கடையில் கேட்டால் வெளி விட்டம் ஏறக்குறைய 34 மி.மீ. இருக்கும், பிடிக்கச் சரியான கனம். ஒன்றேகால் அங்குலம் வாங்கினால் 42 மி.மீ. ஆகிவிடும், தொடங்குபவருக்குப் பிடி நிற்காது. கடையில் 'பி கிளாஸ்' என்று கேளுங்கள், நீலக் கோடு போட்டிருக்கும். மஞ்சள் கோடு மெல்லியது, வளையும்.

ஒன்றரை அடிச் சதுரத்தில் 2 அடி ஆழக் குழி இரண்டு, நடுவே 4 அடி இடைவெளி. ஒரு பங்கு சிமென்ட், இரண்டு மணல், நான்கு ஜல்லி. கம்பம் நட்டபின் ஏழு நாள் தண்ணீர் விட்டு ஈரம் காக்க வேண்டும், அதுவரை யாரும் தொங்கக் கூடாது. பெரும்பாலான பார்கள் ஆடத் தொடங்குவது மூன்றாம் நாளே பையன்கள் ஏறித் தொங்குவதால்தான். வெல்டிங் பட்டறையில் குறுக்குக் குழாயைச் சுற்றிலும் முழு வெல்ட் வைக்கச் சொல்லுங்கள், புள்ளி வெல்ட் போதாது. கை பிடிக்கும் இடத்தில் பெயின்ட் வேண்டாம், வியர்வை பட்டால் வழுக்கும். மார்கழிக் காலையில் பனி ஈரம் இருக்கும், துண்டால் துடைத்துவிட்டு ஏறுங்கள். எட்டடி உயரத்தை எட்ட, கீழே ஆடாத ஒரு ஹாலோ பிளாக் கல்லோ முக்காலியோ வையுங்கள். அது பிறகு மெதுவாக இறங்கும் பயிற்சிக்கும் வேண்டும்.

காசு செலவழிக்க ஒரே ஒரு பொருள் என்றால் மர ரிங் ஒரு ஜோடி. பாரிலிருந்து இடுப்பு உயரத்துக்கு இறக்கினால் சாய்ந்து இழுக்கலாம், பிறகு டிப்ஸ் (இரு கையையும் ஊன்றி உடலை இறக்கி ஏற்றுவது), கடினமான தண்டால் எல்லாம் அதிலேயே.

4. ஆறு அசைவுகள்

வாரம் மூன்று நாள், மூன்று நாளும் இதே ஆறு. இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து மாற்றி மாற்றிச் செய்வதால் நேரம் மிச்சம். ஒரு செட்டுக்கும் (இடைவிடாமல் எடுக்கும் ஓர் எண்ணிக்கை) அடுத்ததற்கும் நடுவே 75 முதல் 90 விநாடி. ஒவ்வொரு ஜோடியும் மூன்று சுற்று. உடல் சூடாக்குவதையும் சேர்த்து 45 நிமிடம்.

முதல் ஜோடி: தொங்கி இழுத்தல், பஸ்கி.

தொங்கி இழுப்பதன் வரிசை: 30 விநாடி சும்மா தொங்குவது, முழங்கையை மடக்காமல் தோள்பட்டையை மட்டும் கீழே இழுப்பது, கல்லில் ஏறித் தாடை பாருக்கு மேல் இருக்கும் நிலையிலிருந்து 5 விநாடி எண்ணி மெதுவாக இறங்குவது, உள்ளங்கை நம்மைப் பார்க்கும் சின்-அப், உள்ளங்கை வெளியே பார்க்கும் புல்-அப். மூன்றாவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். மெதுவாக இறங்கும் பயிற்சி தசையை மிக அதிகம் சோதிக்கும். முதல் இரண்டு வாரம் ஒரு செட்டுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம்.

பஸ்கியின் வரிசை: முழுசாக உட்கார்ந்து எழுவது, ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து இறங்குவது, பின்காலைத் திண்ணையிலோ நாற்காலியிலோ வைத்து இறங்குவது, படியில் ஒற்றைக் காலில் நின்று மறுகால் கீழ்ப்படியைத் தொடும் வரை மெதுவாக இறங்குவது, கடைசியில் ஒற்றைக் கால் பஸ்கி. குந்தி உட்காரும் பழக்கம் உள்ளவர்களுக்கு முதல் படி இரண்டு வாரத்தில் முடிந்துவிடும், 100 எண்ணிக் காட்ட அங்கேயே நிற்காதீர்கள். வெள்ளியங்கிரிக்காரர்கள் நான்காவதில் நீண்ட நாள் இருங்கள். மலை இறங்கிய மறுநாள் தொடை பிடித்துக்கொள்வது ஏறியதால் அல்ல. இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது, அதற்குப் பழகாத தசை வலிக்கிறது.

இரண்டாம் ஜோடி: தண்டால், பின்தொடை.

தண்டாலுக்கு வீட்டு மாடிப்படியே அளவுகோல். ஒரு படி ஆறு, ஏழு அங்குலம். தரையில் தண்டால் எடுக்கும்போது கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய 64 சதவீதம். 70 கிலோ ஆளுக்கு 45 கிலோ. கைகளை 30 செ.மீ. உயர்த்தினால், அதாவது இரண்டாம் படியில் வைத்தால், 55 சதவீதம். 60 செ.மீ. உயர்த்தினால் 41 சதவீதம், 29 கிலோதான். ஆகவே தரையில் வராதவர் முட்டி போட்டுச் செய்வதைவிட நான்காம் படியில் கை வைத்துத் தொடங்கி மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கி வருவது நல்லது. ஒவ்வொரு படியும் ஒரு முன்னேற்றம், உடல் குச்சி மாதிரி நேராக நிற்கவும் பழகும். தரைக்குப் பிறகு கால்களை நான்காம் படியில் வையுங்கள், 74 சதவீதம் ஆகும். அதற்கும் பிறகு ரிங்.

மார்பு படியைத் தொட வேண்டும், மேலே முழங்கை நிமிர வேண்டும், முழங்கை விலாவிலிருந்து 45 டிகிரிக்கு மேல் விரியக் கூடாது, இடுப்பு தொங்கக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் அது எண்ணிக்கையில் சேராது.

பின்தொடைக்கு மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, பிறகு அதையே ஒற்றைக் காலில். பிறகு டைல்ஸ் தரையில் குதிகாலுக்கு அடியில் பழைய துண்டு ஒன்றைப் போட்டு, இடுப்பை உயர்த்தியபடியே கால்களை நீட்டி மடக்குவது. பார்க்கச் சாதாரணமாக இருக்கும். முதல் நாள் ஐந்து எடுத்தால் அதிகம்.

மூன்றாம் ஜோடி: சாய்ந்து இழுத்தல், வயிறு. ரிங்கைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து மார்பு வரை இழுக்க வேண்டும். கால்களை எவ்வளவு முன்னே நகர்த்துகிறீர்களோ அவ்வளவு கடினம். ரிங் இல்லையென்றால் இடுப்பு உயரத்தில் இன்னொரு குழாய். வயிற்றுக்கு 20 விநாடி பிளாங்கில் (முழங்கையை ஊன்றி உடலை நேராக நிறுத்துவது) தொடங்கி 45 வரை போய், பின் தொங்கியபடி முட்டியை மார்புக்கு உயர்த்துவதற்கு மாறுங்கள். மூன்று நிமிடம் பிளாங்க் நிற்பதில் பந்தயம் கட்டலாம், பலன் அதிகமில்லை.

5. ஏறும் விதி, இறங்கும் விதி

காலுக்கு 8 முதல் 12, வயிற்றுக்கு விநாடிக் கணக்கு, மற்றவற்றுக்கு 5 முதல் 8. தொடங்கும் படி, அதாவது வரிசையில் தொடங்கும் நிலை, எது? இன்னும் இரண்டு எடுக்க முடியும் என்ற நிலையில் சுத்தமாக 5 அல்லது 6 (காலுக்கு 8 அல்லது 9) வரும் படி. அதில் மூன்று செட்டும் தலா 8 (காலுக்கு 12) வரும் வரை நில்லுங்கள். அடுத்தடுத்த இரண்டு நாள் 8, 8, 8 வந்துவிட்டால் அடுத்த படிக்கு ஏறலாம். ஏறிய இடத்தில் நான்குகூட வரவில்லையென்றால் முதல் செட்டை மட்டும் புதிய படியில் எடுத்து, மிச்சம் இரண்டையும் பழைய படியில் முடியுங்கள்.

எந்த செட்டிலும் கடைசி ஒன்றிரண்டை விட்டுவைத்து நிறுத்துங்கள். முகம் கோணி, காலை உதறி எடுக்கும் கடைசி ஒன்று பலத்தில் சேர்ப்பதைவிட முழங்கையில் எடுப்பது அதிகம்.

நோட்டில் தேதி, படி, எண்ணிக்கை மட்டும் எழுதினால் போதும்: "தண்டால், 2-ம் படி, 8-7-6." அடுத்த நாள் 8-7-7 வந்தால் அது முன்னேற்றம். இந்த ஒரு வரிதான் வேறு வீடியோவுக்குத் தாவாமல் உங்களைப் பிடித்து வைக்கும். முதல் நான்கு வாரம் எண்ணிக்கை வேகமாகக் கூடும். அது பெரும்பாலும் நரம்புகள் இருக்கும் தசையைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதால் வருவது. ஐந்தாம் வாரத்தில் அந்த வேகம் குறையும். திட்டம் வேலை செய்யவில்லை என்று விட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். கண்ணாடியில் மாற்றம் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். தறியில் பாதிப் பாவு (நீளவாட்டு நூல்) ஓடும்போதே அறுத்துப்போட்டு வேறு பாவு பிணைக்கும் தறிக்காரர் சோமனூரில் யாரும் இல்லை.

ஐந்தாம், பத்தாம் வாரங்களில் மூன்று செட்டுக்குப் பதில் இரண்டு. எண்ணிக்கையும் கொஞ்சம் குறைத்து.

6. எது கெடும், ஏன்

முழங்கையின் உட்புறம் வலி: சின்-அப் அதிகம், அல்லது இறங்கும் பயிற்சியில் அவசரம். இரண்டு வாரம் சாய்ந்து இழுத்தலுக்கு மாறுங்கள், ரிங்கில் மணிக்கட்டு தானே திரும்பிக்கொள்ளும் என்பதால் வலி குறையும். முற்றிலும் நிறுத்திவிட்டு ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் தொடங்கினால் அதே வலி திரும்பும்.

மணிக்கட்டு வலி: பஞ்சாலையிலோ லேத் பட்டறையிலோ கையால் வேலை செய்பவர்களுக்கு அதிகம். கையை மடக்காமல் முஷ்டி வைத்தோ, படியின் விளிம்பைப் பிடித்தோ தண்டால் எடுங்கள்.

தோளின் முன்புறம்: முழங்கை அகல விரிவதாலும், தள்ளும் அளவுக்கு இழுக்காததாலும். முட்டியின் முன்புறம்: ஒற்றைக் கால் பஸ்கிக்குச் சீக்கிரமே தாவியதால். ஒரு படி இறங்கி, மூன்று விநாடி எண்ணி மெதுவாகச் செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்க வேண்டாம். பழக்கமே இல்லாதவர் பந்தயத்துக்கோ தண்டனைக்கோ ஒரே நாளில் முன்னூறு, நானூறு பஸ்கி எடுத்து, ஓரிரு நாளில் தொடை வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அது சாதாரண வலி அல்ல. தசை சிதைந்து அதன் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும் நிலை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையும் செய்யக் கூடாது, தள்ளும்போதும் இழுக்கும்போதும் மூச்சை வெளியே விடுங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், நெஞ்சு வலி வந்தவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்டபின் தொடங்குங்கள்.

7. ஷிப்ட், நோம்பி, முகூர்த்தம்

"தினம் காலை 5 மணிக்கு" என்று உறுதி எடுப்பது சுலபம். பனியன் கம்பெனியில் காலை 8.30 முதல் இரவு 8.30 வரை ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவருக்கு அது ஒரு வாரம்கூட ஓடாது. அவருக்கு ஞாயிறு ஒரு முழு நாள், செவ்வாயும் வியாழனும் காலையில் 25 நிமிடம், ஜோடிக்கு இரண்டு சுற்று. வாரத்தில் ஓர் அசைவுக்கு ஒன்பது செட்டுக்குப் பதில் ஏழு செட் வந்தாலே வளரும். வாரம் பகல், வாரம் இரவு என்று மாறும் தறிக்காரர் கடிகாரத்தைப் பார்க்காமல், தூங்கி எழுந்து ஒரு மணி நேரம் கழித்து என்று வைத்துக்கொள்ளட்டும். மாடு வைத்திருப்பவர்களுக்கு சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்ததும் நல்ல நேரம், உடம்பும் சூடாகியிருக்கும். கரும்பு வெட்டு, மஞ்சள் அறுவடை நாட்களில் கால் பயிற்சியை விட்டு இழுத்தலை மட்டும் செய்யுங்கள்.

வள்ளி கும்மி ஆட்டப் பயிற்சிக்குப் போகிறவர்கள் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் குனிந்து நிமிர்ந்து அடி வைப்பது நல்ல மூச்சுப் பயிற்சி, காலுக்கும் வேலை. அரங்கேற்றம் நெருங்கும் வாரங்களில் பஸ்கி ஒரு செட் போதும், தனியாக ஓட வேண்டியதில்லை.

எதுவும் முடியாத நாளுக்கு 12 நிமிடத் திட்டம் ஒன்றை இப்போதே எழுதி வையுங்கள்: ஆறு அசைவும் ஒவ்வொரு செட். அதையும் நோட்டில் எழுதுங்கள்.

விட்டுப்போனால் விதி இது. ஒரு நாள் விட்டால் அடுத்த நாள் அதையே செய்யுங்கள், இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் இழுத்துப் போடாதீர்கள். ஊரில் மாரியம்மன் நோம்பி (திருவிழா), பூச்சாட்டு, கம்பம் என்று ஒரு வாரம் போனால் அதே படியில் ஒரு செட் குறைத்துத் தொடங்குங்கள். ஆவணி, தை முகூர்த்தங்களில் இரண்டு வாரத்துக்கு மேல் போய்விட்டால் எல்லாவற்றிலும் ஒரு படி இறங்கித் தொடங்குங்கள், பத்து நாளில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். நோம்பி எப்போது என்று காலண்டரில் முன்பே தெரியும். ஐந்தாம் வாரத்துக் குறைப்பை அந்த வாரத்துக்கு நகர்த்திவிட்டால் விட்டுப்போனது என்ற கணக்கே வராது.

8. சாப்பாடு

பலப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் பயன்படும். 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். இதற்குப் புரதப் பொடி டப்பா வாங்க வேண்டியதில்லை. நாமக்கல் முட்டை நான்கு 24 கிராம், அரை லிட்டர் பால் 16, கொள்ளு 50 கிராம் 11, துவரம் பருப்பு 50 கிராம் 11, நிலக்கடலை 40 கிராம் 10, நாள் முழுக்க அரிசி 300 கிராம் 21. கூட்டினால் 93. இடறுவது அளவில்தான். கொள்ளு ரசம் குடிப்பதில் இந்த 11 கிராம் வராது, பருப்பு பானையிலேயே நின்றுவிடும். கடைந்தோ சுண்டலாகவோ முழுசாகச் சாப்பிட வேண்டும். அரிசிம்பருப்பு சாதத்தில் மூன்றுக்கு ஒன்று போடும் பருப்பை இரண்டுக்கு ஒன்றாக்குங்கள், ருசி கெடாது.

எடை குறைய வேண்டுபவர்கள் பருப்பையும் முட்டையையும் குறைக்காமல் சாதத்தை மட்டும் குறையுங்கள். வயிற்றுப் பயிற்சியால் தொப்பை மட்டும் தனியாகக் கரையாது.

9. பன்னிரண்டாம் வாரம்

தொடங்கும் முன்பே நான்கு எண்களை எழுதி வைத்திருக்க வேண்டும்: தரையில் (வராதவர் இரண்டாம் படியில்) சுத்தமான தண்டால் எத்தனை, பாரில் புல்-அப் எத்தனை அல்லது எத்தனை விநாடி தொங்க முடிகிறது, ஒற்றைக் காலில் படி இறங்குவது எத்தனை, தொப்புள் உயரத்தில் இடுப்புச் சுற்றளவு. மலை இலக்கு உள்ளவர்கள் சென்னிமலையின் 1,320 படியை ஐந்தாவது எண்ணாக வைத்துக்கொள்ளலாம். ஏற எத்தனை நிமிடம், நடுவில் எத்தனை தடவை நின்றீர்கள் என்று இரண்டும் எழுதுங்கள்.

பன்னிரண்டாம் வாரக் கடைசியில் இரண்டு நாள் ஓய்வெடுத்து, அதே நேரத்தில், அதே வரிசையில் மறுபடி அளந்து பாருங்கள். நான்கில் மூன்று முன்னேறியிருந்தால் திட்டம் சரி, அடுத்த 12 வாரமும் இதே ஆறு அசைவு, மேல் படிகளில். பின்தங்கிய அசைவுக்கு மட்டும் ஒரு செட் கூட்டுங்கள். எதுவுமே நகரவில்லையென்றால் திட்டத்தை மாற்றும் முன் நோட்டைப் புரட்டுங்கள். 36 நாளில் எத்தனை நாள் எழுதியிருக்கிறது? 28-க்குக் கீழே என்றால் இன்னும் சோதித்தே பார்க்கவில்லை, அதையே மறுபடி தொடங்குங்கள். 28-க்கு மேல் இருந்தும் நகரவில்லையென்றால் தூக்கமும் புரதமும் எவ்வளவு என்று பாருங்கள். அவையும் சரியாக இருந்தால், அப்போது மாற்றலாம்.